61 நாளில் ஆறுமா முழங்கால்?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகக் கிழக்குக் கடலோரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்வளம் பெருகுவதற்கான இந்த 61 நாள் தடைக்காலத்தில் ராமேசுவரம், பாம்பன், மண்டபம் துறைகளில் படகுகளைக் கரையேற்றுவார்கள். பலகை மாற்றுவது, இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பது, வலையைச் சீர்செய்வது என்று தொழில் நடக்கும்போது முடியாத வேலைகளெல்லாம் அப்போது நடக்கும். உடம்புக்கும் இதே கணக்கைப் போடுவது இயல்பு. தள்ளிப்போட்ட கண் ஆபரேஷன், குடலிறக்க ஆபரேஷன், முழங்கால் ஆபரேஷன் எல்லாவற்றையும் தடைக்காலத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கண்ணுக்கு இந்தக் கணக்கு சரிவரும். கிழிந்த மூட்டு ஜவ்வுக்குப் பதிலாக வேறொரு தசைநாணை எடுத்து எலும்பில் பொருத்தும் ஆபரேஷனுக்குச் சரிவராது.

ஏனென்றால், படகுகள் மறுபடி கடலில் இறங்கும் அந்த நாளில்தான் முழங்காலில் வைத்த ஒட்டு நாண் ஏறக்குறைய மிகப் பலவீனமான கட்டத்தில் இருக்கிறது. வலி போயிருக்கும். வீக்கம் வடிந்திருக்கும். படி ஏறலாம், சைக்கிள் மிதிக்கலாம். ஆனால் நாணுக்கும் எலும்புக்கும் இடையே உடம்பு செய்துகொண்டிருக்கும் வேலை பாதிகூட முடிந்திருக்காது. நன்றாகிவிட்டது என்று கால் சொல்வதை நம்பக்கூடாத காலம் அது. நாண் எலும்போடு எப்படிச் சேர்கிறது, எத்தனை நாளில் சேர்கிறது, எது உதவுகிறது, எது கெடுக்கிறது என்று பல ஆண்டுகளாக உலகெங்கும் சேர்ந்திருக்கும் அறிவை, ராமநாதபுரம் கடலோரத்து உழைப்பாளியின் காலை மனதில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முழங்காலுக்குள் தொடையெலும்பையும் கால் முன்னெலும்பையும் குறுக்காக இணைக்கும் நார் ஒன்று உண்டு. மருத்துவர்கள் ஏ.சி.எல். என்பார்கள், ஊரில் பொதுவாக ஜவ்வு. மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் நீளமே உள்ள இந்த நார்தான் கால் முன்னெலும்பு முன்னோக்கி நழுவாமலும், திரும்பும்போது மூட்டு பிறழாமலும் காக்கிறது. ஊன்றிய பாதம் அப்படியே நிற்க, உடம்பு மட்டும் திரும்பினால் அது கிழியும். கபடியில் ரெய்டு போனவர் பிடியிலிருந்து திமிறும்போது அப்படி நேரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் சரிந்து கால் மாட்டும்போது நேரும். ஈரத் தளத்தில் ஒரு கால் கயிற்றில் சிக்கியிருக்க, படகு அலையில் புரளும்போதும் நேரும். சத்தம் கேட்டது என்று பலர் சொல்வார்கள். சில மணி நேரத்தில் மூட்டு ரத்தம் கட்டி வீங்கிவிடும். வெளியே உள்ள காயத்தில் ரத்தம் உறைந்து, அந்த உறைவின்மேல் புதுத் திசு வளரும். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அந்த உறைவு நிலைப்பதில்லை. அதனால் முழுதாகக் கிழிந்த நுனிகள் பெரும்பாலும் தாமாகச் சேர்வதில்லை.

கிழிந்ததைத் தைப்பதற்குப் பதிலாக வேறொன்றை வைக்கலாம் என்ற யோசனைக்கு நூறாண்டு ஆகிவிட்டது. 1917-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஹே குரோவ்ஸ், தொடையின் வெளிப்புறத்து நார்ப்பட்டையில் ஒரு கீற்றை எடுத்து எலும்பில் துளையிட்டுச் செலுத்தினார். 1934-இல் இத்தாலியின் கலேயாட்சி தொடையின் பின்புறத்து நாணைப் பயன்படுத்தினார். 1963-இல் அமெரிக்காவின் கென்னத் ஜோன்ஸ் முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாணை எடுத்தார். 1980 வாக்கில் நுண்துளைக் கருவி வந்தபின் மூட்டை அகலத் திறக்க வேண்டிய தேவை போயிற்று. கருவிகளும் கீறலின் அளவும் எவ்வளவோ மாறிவிட்டன. தொடையெலும்பில் ஒரு துளை, கால் முன்னெலும்பில் ஒரு துளை, இரண்டுக்கும் நடுவே ஒரு நாண் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

எடுத்து வைக்கும் நாண் பலவீனமானது என்று நினைத்துவிடக் கூடாது. இளவயதினரின் அசல் ஏ.சி.எல். அறுந்துபோக ஏறத்தாழ 2,160 நியூட்டன் விசை வேண்டும். அதாவது சுமார் 220 கிலோ தொங்கவிட்ட இழுப்பு. தொடைப் பின்புற நாண்களை நான்கு மடிப்பாக மடித்துச் சோதித்தபோது 4,000 நியூட்டனுக்கு மேல் தாங்கியது. ஆபரேஷன் மேசையில் நாண் அசலைவிட வலுவானதுதான். பலவீனம் அதன் இரு முனைகளில், எலும்புத் துளைக்குள் இருக்கிறது. முதல் வாரங்களில் அந்த முனைகளைப் பிடித்துவைத்திருப்பது திருகாணியோ எலும்பின் வெளிப்புறத்தில் மாட்டிய சிறு உலோகப் பட்டனோதான். அவற்றின் பிடிப்பு நாணின் வலுவைவிட வெகுவாகக் குறைவு. உடம்பு அந்த முனைகளைத் தானே பற்றிக்கொள்ளும்வரை முழங்காலின் பொறுப்பு முழுவதும் அவற்றிடம்தான்.

இந்தப் பற்றுதல் ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு இயற்கை செய்துவைத்திருக்கும் இணைப்பை முதலில் பார்க்க வேண்டும். படகுக் கயிறு நடுவில் அறுவது அரிது. இரும்பு வளையத்தில் மாட்டிய இடத்தில்தான் முதலில் நைந்துபோகும் என்பது துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியும். நெகிழ்வான பொருளும் விறைப்பான பொருளும் சந்திக்கும் இடத்தில் இழுவிசை குவிகிறது. எலும்பு நாணைவிட ஏறத்தாழ 100 மடங்கு விறைப்பானது. ஆனாலும் நம் உடம்பில் நாண்கள் எலும்போடு சேரும் இடத்தில் நாள்தோறும் அறுந்துவிடுவதில்லை. அங்கே நாண் நேராக எலும்பில் முட்டாமல் இருப்பதுதான் காரணம். முதலில் நாண், அடுத்து நாரும் குருத்தெலும்பும் கலந்த அடுக்கு, அதற்கடுத்து அதே கலவையில் சுண்ணாம்புச்சத்து ஏறி இறுகிய அடுக்கு, அதன் பிறகே எலும்பு. 1970-இல் கூப்பரும் மிசோலும் நாயின் முழங்காலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து இந்த நான்கு அடுக்குகளைத் தெளிவாக விவரித்தார்கள். மென்மையிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக மாறுவதால் விசை ஓரிடத்தில் குவியாமல் பரவிப் போகிறது. மிகக் குறுகிய அகலத்துக்குள் இந்த மாற்றம் முழுவதும் நடந்துவிடுகிறது என்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. இந்த நான்கடுக்கு இணைப்பு கருவிலேயே முழுதாக உருவாகிவிடுவதில்லை. பிறந்தபின், தசை இழுக்க இழுக்கத்தான் அது முதிர்கிறது. பிறந்த எலிக்குட்டிகளின் தோள்தசையைப் போட்டுலினம் நச்சால் செயலிழக்கச் செய்து பார்த்த ஆய்வுகளில், இழுப்பே கிடைக்காத இணைப்பு சரியாக உருவாகவில்லை. நாண் எலும்பைப் பற்றுவதற்கு உழைப்பும் ஒரு மூலப்பொருள். ஆபரேஷனுக்குப் பிந்தைய பராமரிப்பில் வரும் குழப்பங்களுக்கெல்லாம் விடை தேடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வளர்ந்தவரின் முழங்காலில் துளையிட்டு வைத்த நாண் இந்த நான்கு அடுக்குகளை மறுபடி உண்டாக்குவதில்லை. அதற்குப் பதிலாக உடம்பு வேறொரு வழியைக் கையாளுகிறது. அதைத் தெளிவாகக் காட்டியது 1993-இல் அமெரிக்காவில் ரோடியோவும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு. 20 நாய்களின் கால் நாணை எலும்புத் துளைக்குள் செலுத்தி, 2, 4, 8, 12, 26 வாரங்களில் எடுத்துப் பார்த்தார்கள். முதலில் நாணுக்கும் எலும்புச் சுவருக்கும் நடுவே ரத்தக்குழாய்களும் உயிரணுக்களும் நிறைந்த இளந்திசு உண்டாயிற்று. பிறகு துளைச் சுவரிலிருந்து எலும்பு மெல்ல உள்நோக்கி வளர்ந்து இந்த இடைத்திசுவுக்குள் புகுந்தது. கொலாஜன் இழைகள் எலும்பிலிருந்து நாணுக்குப் பாலமாக ஓடத் தொடங்கின. எலும்புறையில் இத்தகைய இழைகளை 19-ஆம் நூற்றாண்டில் விவரித்த ஸ்காட்லாந்து உடற்கூறியலாளர் வில்லியம் ஷார்பியின் பெயரால்தான் அவற்றை இன்றும் அழைக்கிறார்கள்.

இழுத்துப் பார்த்த சோதனையின் முடிவு இன்னும் முக்கியமானது. 2, 4, 8 வாரங்களில் சோதித்த எல்லாக் கால்களிலும் நாண் துளையிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது. 12, 26 வாரங்களில் அப்படி நடக்கவில்லை. நாண் வேறிடத்தில் அறுந்தது, அல்லது சோதனைப் பிடியிலிருந்து நழுவியது. எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே எங்கோ எலும்பு நாணைப் பற்றிவிட்டது. தடைக்காலத்தின் 61 நாள் என்பது எட்டு வாரமும் ஐந்து நாளும். நாய்க்கே அந்த நிலை. ஆபரேஷனுக்குப் பின் வேறு காரணத்துக்காகத் திறக்க நேர்ந்த மனித முழங்கால்களிலிருந்து எடுத்த திசுக்களைப் பார்த்தவர்கள், மனிதரில் இதே வேலை இன்னும் மெதுவாக நடக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். முதிர்ந்த இழைப்பிடிப்புக்குப் பல மாதங்கள் ஆகின்றன.

துளைக்குள் நாண் எவ்வளவு அசைகிறது என்பதும் கணக்கு. திருகாணியை மூட்டின் வாசலருகே வைத்து நாணை நெருக்கினால் அசைவு குறையும். ஆனால் திருகாணி நிற்கும் பக்கத்தில் நாணுக்கும் எலும்புக்கும் தொடர்பு இல்லாமல் போகும். பட்டனை எலும்பின் வெளிப்புறத்தில் மாட்டினால் நாண் சுற்றிலும் எலும்பைத் தொடும். ஆனால் நீளவாக்கிலும் பக்கவாட்டிலும் கொஞ்சம் அசையும், மூட்டுத் திரவமும் இடுக்கில் புகும். துளையின் வாய் காலப்போக்கில் அகன்றுபோவதற்கு இவற்றையெல்லாம் காரணம் காட்டுகிறார்கள். இரண்டு முறையிலும் நல்ல பலன் கிடைக்கிறது. எந்தக் கருவி என்பதைவிட, எந்தக் கை எந்த இடத்தில் துளையிட்டது என்பதே பெரிது.

நாண் துளைக்குள் எலும்போடு சேர்வது ஒரு கதை. துளைக்கு வெளியே, மூட்டின் நடுவில் தொங்கும் பகுதிக்கு வேறொரு கதை. எடுத்து வைத்த நாணுக்கு ரத்த ஓட்டம் இல்லை. முதல் வாரங்களில் அதன் உயிரணுக்கள் பெரும்பாலும் இறந்துபோகின்றன. கொலாஜன் கட்டமைப்பு மட்டும் நிற்கிறது. சுற்றியுள்ள திசுவிலிருந்து புதிய உயிரணுக்களும் ரத்தக்குழாய்களும் அதற்குள் ஏறுகின்றன. பழைய இழைகளைப் பிரித்து, புதிய இழைகளை அடுக்குகின்றன. பிரித்துக் கட்டும் அந்தக் காலத்தில் நாண் இளகி நிற்கிறது. விலங்கு ஆய்வுகளில் அதன் வலு ஆறு முதல் எட்டு வார அளவில் மிகக் கீழே இறங்குகிறது. பிறகு மெல்ல ஏறி, மாதங்கள் கடந்து, நார் போன்ற தன்மையைப் பெறுகிறது. 1986-இல் முயல்களில் அமியல் குழுவினர் இந்த மாற்றத்தை விவரித்தார்கள். மனிதரில் இது ஓராண்டைத் தாண்டியும் நீள்கிறது. ஆக, முனைகள் சரியாகப் பற்றாத அதே காலத்தில் நடுப்பகுதியும் இளகியிருக்கிறது. வலியோ வீக்கமோ இல்லாமல் மனிதர் தெம்பாக நடக்கத் தொடங்குவதும் அப்போதுதான்.

எந்த நாணை எடுப்பது என்பதில் இந்தக் கடலோரத்து வாழ்க்கைக்கென்று ஒரு நியாயம் உண்டு. சில்லுக்குக் கீழுள்ள நாணை எடுக்கும்போது அதன் இரு முனைகளிலும் எலும்புத் துண்டைச் சேர்த்தே வெட்டி எடுப்பார்கள். துளைக்குள் எலும்பும் எலும்பும் சேர்வதால், எலும்பு முறிவு கூடுவதைப் போல ஆறு வார அளவிலேயே பிடிப்பு வந்துவிடும். உயிரியல் கணக்கில் இது நல்ல வழி. ஆனால் முழங்காலின் முன்புறத்தில் வலியும், மண்டியிடும்போது உறுத்தலும் பலருக்கு நீடிக்கும். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள், குத்தவைத்து மீன் தரம்பிரிக்கிறவர்கள், கீழக்கரையிலோ மண்டபத்திலோ நாளுக்கு ஐந்து வேளை தொழுகையில் மண்டியிடுகிறவர்கள், தேவாலயத்தில் முழந்தாளிட்டு நிற்கிறவர்கள் ஆகியோருக்கு அது சிறிய விலை அல்ல. நம் நாட்டு அறுவை மருத்துவர்கள் பலர் தொடைப் பின்புற நாணை விரும்பி எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு ஈடாக, எலும்பில் சேர இன்னும் சில வாரங்கள் அதிகம் காத்திருக்க வேண்டும். அண்மைக்காலமாகக் கணுக்காலின் வெளிப்பக்கத்து நாணையும் எடுக்கிறார்கள். நோயாளி என்ன வேலை செய்கிறார், எப்படி உட்காருகிறார் என்று கேட்காமல் நாணைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

ஆபரேஷன் முடிந்தபின் காலை அசைக்கலாமா கூடாதா என்பதுதான் வீட்டில் எல்லாரும் கேட்கும் கேள்வி. ஒரு காலத்தில் மாவுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் படுக்கவைத்தார்கள். மூட்டு இறுகியது, தசை வற்றியது. அதற்கு எதிர்வினையாக முதல் நாளிலிருந்தே நன்றாக அசைக்கச் சொன்னார்கள். 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் காட்டியது. எலிகளின் முழங்காலில் ஒட்டு நாண் வைத்து, ஒரு பிரிவுக்கு உடனே அளவான இழுப்பு கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குச் சில நாள் பொறுத்து. ஒரு பிரிவை அசையாமலே வைத்தார்கள். பத்து நாள் ஓய்வுக்குப் பின் அளவான இழுப்பைப் பெற்ற பிரிவில்தான் நாணும் எலும்பும் நன்றாகச் சேர்ந்தன. முதல் அழற்சி அடங்க இடம் கொடுத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேலை கொடுக்க வேண்டும். காயத்தில் ஆரம்ப நாள்களில் வந்து குவியும் மேக்ரோபேஜ் அணுக்களைக் குறைத்த எலிகளில் நாணும் எலும்பும் இன்னும் நன்றாகச் சேர்ந்ததாக 2008-இல் வந்த இன்னொரு ஆய்வு சொல்கிறது. உடம்பு அவசரமாக வடு போட்டு அடைக்கப் பார்க்கிறது. அந்த அவசரம் கொஞ்சம் தணிந்தால் நல்ல இணைப்புக்கு வழி கிடைக்கிறது.

எண்ணெய் போட்டு உருவிவிடுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். தசைப்பிடிப்புக்கு இதமாக இருக்கும் அந்த வைத்தியம், துளைக்குள் நாண் சேர்ந்துகொண்டிருக்கும் மூட்டை வலிந்து மடக்கி நீட்டும்போது தீங்கு செய்யும். முதல் மூன்று மாதங்களில் மூட்டை மடக்கும் அளவையும் வேகத்தையும் பிசியோதெரபி மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மடக்குவதைவிட முக்கியம், காலை முழுதாக நீட்ட முடிவதும் தொடையின் முன்தசையை எழுப்புவதும். முதல் வாரத்திலிருந்தே பெரும்பாலோருக்கு இவை பாதுகாப்பானவை.

நாணை இடம்மாற்றும் அறுவையில் தமிழ்நாட்டுக்கு நீண்ட, பெருமையான மரபு உண்டு. நாண் பற்றிய ஆய்வுரைகளில் அது போதிய அளவு பேசப்படுவதில்லை. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேனின் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, மடங்கிப்போன கைகளை எலும்பு மருத்துவர் யாரும் பார்ப்பதில்லை என்பதை அறிந்தார். செயலிழந்த தசைக்குப் பதிலாக நல்ல தசையின் நாணை இடம்மாற்றிப் பொருத்தும் அறுவையை வேலூரில் அவர் வளர்த்தெடுத்தார். பிற்காலத்தில் அதே செங்கல்பட்டில் மத்திய தொழுநோய் பயிற்சி, ஆய்வு நிறுவனத்தின் எச்.சீனிவாசனும் உடன் பணியாற்றியவர்களும், தொங்கிப்போன பாதத்தை நிமிர்த்த காலின் பின்புற நாணை இரண்டாகப் பிளந்து விரல்களின் நாண்களோடு தைக்கும் முறையை 1968-இல் வெளியிட்டார்கள். அந்த நாணைப் பாதத்தின் எலும்பைத் துளைத்தும் செருகலாம். உணர்வு இழந்த பாதத்தில் எலும்பைத் தொடாமல் இருப்பது நல்லது; நாணும் நாணும் சேர்வது எளிது. எலும்பில் சேர்ப்பதன் கடினத்தை உணர்ந்து அதைச் சுற்றிப்போன வழி அது. வேலூரும் செங்கல்பட்டும் கற்றுத்தந்த இன்னொன்று, அறுவைக்குப் பிந்தைய பயிற்சியின் இடம். மணிக்கட்டை இயக்கிய தசைக்கு விரலை இயக்கக் கற்றுக்கொடுக்கப் பிசியோதெரபி மருத்துவர் நாள்தோறும் பக்கத்தில் இருந்தார். அது இல்லாமல் அறுவை முழுமை அடையாது என்பதை நம் ஊர் மருத்துவர்களே எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

தோளைப் பற்றிச் சுருக்கமாக. ஆண்டுக்கணக்கில் வலை இழுத்தும் துடுப்புப் போட்டும் தேய்ந்த தோளில், எலும்போடு ஒட்டிய நாண் பிய்ந்துவிடும். அதை மறுபடி எலும்பில் தைப்பார்கள். அங்கே சேர்வது முழங்காலைவிடக் கடினம். நாண் ஏற்கெனவே நைந்தது, வயதும் கூடியிருக்கும். 2004-இல் கலாட்ஸ் குழுவினர் பெரிய கிழிசல் தைத்த 18 தோள்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது 17-இல் மீண்டும் பிளவு தெரிந்தது. ஆனாலும் ஓராண்டு அளவில் அவர்களில் பெரும்பாலோருக்கு வலி குறைந்து கை தூக்க முடிந்திருந்தது. சுகம் தெரிவதும் சேர்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

சேர்வதைக் கெடுப்பவற்றில் நம் ஊரில் முதலில் நிற்பது சர்க்கரை நோய். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, நாண் எலும்பில் சேர்வதைப் பலவீனப்படுத்துகிறது என்று எலி ஆய்வுகள் காட்டுகின்றன. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணித்தது; தமிழ்நாட்டின் விகிதம் நாட்டுச் சராசரியைவிட அதிகம். அடுத்தது பீடியும் சிகரெட்டும். நிகோடின் இந்த இணைப்பைத் தாமதப்படுத்துகிறது. இரவுக் கடலில் தூக்கம் விரட்டப் பிடிக்கும் பீடியை, ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே விட்டுவிடச் சொல்வது வெறும் உபதேசம் அல்ல. வலி மாத்திரைகளில் சிலவும் ஆரம்ப வாரங்களில் இடையூறு செய்வதை விலங்கு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால் மருந்துக் கடையில் தாமாக வாங்கிப் போடாமல், ஆபரேஷன் செய்த மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவோடு நிறுத்துவது நல்லது.

விரைவாகச் சேர்க்க வைக்கும் முயற்சிகள் நிறைய நடந்திருக்கின்றன. எலும்பு வளர்க்கும் புரதங்களைத் துளையில் வைத்தார்கள். நாணில் கால்சியம் பாஸ்பேட்டைப் படியவைத்தார்கள். எலும்புறையை நாணைச் சுற்றித் தைத்தார்கள். நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த தட்டணுச் செறிவை ஊற்றினார்கள். இதற்கு நம் ஊர்களிலும் பெரும் தொகை வாங்குகிறார்கள். ஆனால் இதன் பலனைச் சோதித்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. கடன் வாங்கிச் செலவழிக்கும் அளவுக்கு உறுதி அதில் இல்லை. 2004-இல் சிங்கப்பூரில் முயல்களின் ஒட்டு நாணை மூல உயிரணுக்களால் பூசி வைத்தபோது, எட்டு வாரத்தில் குருத்தெலும்பு போன்ற இடையடுக்கு உருவானது. இயற்கையின் நான்கடுக்கை நெருங்கிய அருமையான முடிவு அது. ஆய்வுக்கூடத்திலிருந்து அன்றாட மருத்துவத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. உயிரணுக்களைத் தாங்கும் பசையாகச் சோதிக்கும் பொருள்களில் ஆல்ஜினேட் ஒன்று. மண்டபம், ஏர்வாடிக் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் கட்டக்கோரைப் பாசியிலிருந்து கிடைப்பதும் ஆல்ஜினேட்தான். இங்கே அது பெரும்பாலும் ஆலைப் பொருளாகவே போகிறது.

ஜவ்வு கிழிந்த எல்லாருக்கும் ஆபரேஷன் வேண்டுமா என்ற கேள்வியையும் தாண்டிப் போகக் கூடாது. 2010-இல் சுவீடனில் 121 இளைஞர்களிடம் நடந்த ஆய்வில், உடனே ஆபரேஷன் செய்தவர்களும், முதலில் முறையான பயிற்சி எடுத்துத் தேவைப்பட்டால் மட்டும் பிறகு செய்துகொண்டவர்களும் ஈராண்டு முடிவில் ஒரே நிலையில் இருந்தார்கள். இரண்டாவது பிரிவில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த ஈராண்டில் ஆபரேஷனே தேவைப்படவில்லை. கரையில் கடை வைத்திருப்பவருக்கு இது நல்ல செய்தி. ஆடும் தளத்தில் நின்று தொழில் செய்கிறவருக்கோ கபடி வீரருக்கோ இதை அப்படியே பொருத்த முடியாது; கால் அடிக்கடி நழுவினால் மூட்டின் குஷனான மெனிஸ்கஸும் கிழிந்து, பிற்காலத்தில் தேய்மானம் சீக்கிரம் வரும்.

ஆபரேஷன் செய்துகொண்டவர் எப்போது திரும்பலாம்? நார்வேயில் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு, ஒன்பது மாதம்வரை விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய விகிதம் சுமார் 51 சதவீதம் குறைவதாகக் கண்டது. ஒன்பது மாதம் என்பது அன்றிலிருந்து பலரும் ஏற்ற எல்லை. நாள்கணக்கை மட்டும் பார்க்காமல், தொடைத் தசையின் வலு மற்றக் காலின் வலுவில் 90 சதவீதத்தை எட்டியதா, ஒற்றைக் காலில் தாவ முடிகிறதா என்றும் பார்ப்பார்கள். இவையெல்லாம் கால்பந்து வீரரை மனதில் வைத்து உண்டானவை. கடல் தொழிலாளிக்கு, ஆடும் பலகையில் ஈரக் காலோடு நின்று பாரத்தை இழுத்துத் திரும்ப முடிகிறதா என்றும் சோதிக்க வேண்டும்; ராமநாதபுரத்தில் ஒரு பிசியோதெரபி அறைக்கு அது பெரிய செலவு அல்ல.

ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உண்டு. ராமேசுவரத்திலிருந்து மாவட்டத் தலைநகர் ஏறத்தாழ 55 கிலோமீட்டர், மதுரை 170. வாரம் மூன்று முறை பிசியோதெரபிக்காக அந்தத் தூரம் போய்வர முடியாது. அதனால் முழங்கால் ஆபரேஷன் செய்தவர்களையும் இந்தத் திட்டத்தின் கணக்கில் சேர்ப்பது, இன்னொரு விலையுயர்ந்த திருகாணியைவிடப் பல மடங்கு பயன் தரும். கூலிதான் தீராத சிக்கல். தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023-இல் அரசு அறிவித்தது. அது 61 நாளைக்கு ஒரு குடும்பத்துக்கு. பங்குக்கு வேலை செய்கிறவருக்கு ஒன்பது மாதம் கடல் இல்லையென்றால் வீட்டில் உலை வைப்பதே கேள்வி. கால் ஆறுமுன் படகேறுகிறவரைக் குறை சொல்வதற்குமுன் இதை நினைக்க வேண்டும்.

ஆபரேஷன் தேதியைத் தாமே தேர்ந்தெடுக்க முடிகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்லலாம். ஏப்ரல் 15-இல் செய்தால் ஒன்பது மாதம் ஜனவரி நடுவில் முடியும். அதற்குள் நாண் மிகப் பலவீனமாக இருக்கும் ஜூன் நடுவில் படகுகள் புறப்படும், கூப்பிடுவார்கள், கையில் காசும் இருக்காது. செப்டம்பர் நடுவில் செய்தால் எட்டாவது முதல் பன்னிரண்டாவது வாரம் நவம்பர், டிசம்பரில் விழும். வடகிழக்குப் பருவமழையில் கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை அடிக்கடி வரும் மாதங்கள் அவை. தசைப் பயிற்சி கடினமாகும் கடைசி இரண்டு மாதங்கள் அடுத்த தடைக்காலத்தோடு சேர்ந்துவிடும். ஒன்பதாம் மாதம் ஜூன் நடுவில், படகுகள் இறங்கும் நேரத்தில் முடியும். இழக்கும் கடல் நாள்கள் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஜனவரியில் கிழிந்து, நடக்கும்போதே கால் நழுவுகிறவர் செப்டம்பர் வரை காத்திருக்கக் கூடாது. வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீண்டு, தசை எழுந்ததும் செய்துகொள்ள வேண்டும். அவருக்கு ஜூன் 15-ஆம் தேதி கடல் இல்லை என்பதை, படகு உரிமையாளரிடமும் வீட்டாரிடமும் மருத்துவரே ஆபரேஷனுக்கு முன் உட்கார்ந்து சொல்லிவிடுவது நல்லது.